இரண்டு ஆண்டுகள் காத்திருந்த மெட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளி விடுமுறையில் மகளுடன் உட்கார்ந்து 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்கள் மூன்றையும் பார்த்து முடித்தேன். அவள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். இணைப்பாட நடவடிக்கையாகப் பள்ளி இசைக்குழுவில் பிரெஞ்சு ஹார்ன் என்ற ஊதுகருவி வாசிக்கிறாள். இரண்டாம் படம் பாதி ஓடும்போதே, "அப்பா, இந்த மெட்டு போன படத்திலேயே வந்துவிட்டது. புதிதாக எழுத அவருக்கு நேரமில்லையா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நம் படங்களிலும் கதாநாயகன் வரும்போதெல்லாம் ஒரே இசைதானே ஒலிக்கிறது? இது அதிலிருந்து எந்த வகையில் வேறு? இதையெல்லாம் ரசிக்க மேற்கத்திய இசைக்குறியீடு தெரிந்திருக்க வேண்டுமா?

எஸ்., செங்காங்

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகளுக்கு நல்ல காது. பெரும்பாலானவர்கள் மூன்று படங்களையும் பார்த்துவிட்டு "இசை பிரமாதம்" என்று சொல்லி எழுந்துவிடுகிறார்கள். அவர் மெட்டை அடையாளம் கண்டிருக்கிறார். இனி அவர் கவனிக்க வேண்டியது, அது ஒவ்வொரு முறையும் எவ்வளவு வருகிறது, யார் வாசிக்கிறார்கள், எங்கே அறுந்துபோகிறது என்பதைத்தான்.

தீய மோதிரம் ஒன்றை அழிக்கப் புறப்படும் ஒன்பது தோழர்களின் மெட்டையே எடுத்துக்கொள்வோம். முதல் படத்தில் மோதிரத்தைச் சுமக்கும் ஃப்ரோடோவும் அவன் நண்பன் சாமும் தங்கள் ஊரான ஷையரின் வயல்களைக் கடந்து வெளியேறும்போது அதில் ஒரு துண்டுதான் கேட்கிறது. வழியில் ஆட்கள் சேரச் சேர அதுவும் வளர்கிறது. ரிவெண்டெல் என்ற இடத்தில் அதன் தலைவர் எல்ரோண்ட் கூட்டும் சபையில் ஒன்பது பேரும் வரிசையாக நிற்கும்போதுதான் இசையமைப்பாளர் ஹோவர்ட் ஷோர் அதை முழு இசைக்குழுவுக்கும் கொடுக்கிறார். பிறகு மோரியா என்ற சுரங்கத்தில் மந்திரவாதி காண்டால்ஃப் விழுகிறார், கோண்டோர் நாட்டு வீரன் போரோமிர் சாகிறான், மற்றவர்கள் திசைக்கொருவராகப் போகிறார்கள். அந்த மெட்டும் அதன்பின் பெரும்பாலும் துண்டு துண்டாகவே வருகிறது. கூட்டம் சிதறிவிட்டது என்று சொல்ல ஒரு வசனம் போதும். அது இன்னும் சேரவில்லை என்பதை அடுத்த ஆறு மணி நேரத்துக்கும் நம் மனத்தில் வைத்திருக்க இசையால்தான் முடிந்திருக்கிறது.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது கோண்டோரின் மெட்டு. உங்கள் மகள் ஹார்ன் வாசிப்பவர் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அதே சபையில் போரோமிர் தன் நாட்டைப் பற்றிப் பேசுகிறான். அவனுடைய பேச்சுக்கு அடியில் ஒற்றை ஹார்ன் ஒன்று மெதுவாக ஏறி, சில நொடிகளில் ஓய்ந்துவிடுகிறது. அந்த நாட்டின் தலைநகரை நாம் அப்போது சரியாகப் பார்த்ததுகூட இல்லை. காண்டால்ஃப் பழைய ஏடுகளைத் தேடிப் போன இடத்தில் ஒரு கணம் தெரிந்ததோடு சரி. இது நடப்பது 2001 டிசம்பரில் வெளியான படத்தில். அதே மெட்டு முழு பலத்தோடு முழங்குவது 2003 டிசம்பரில் வந்த மூன்றாம் படத்தில், தோழர்களில் ஒருவனான பிப்பினை வெள்ளைக் குதிரையில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு, உயிர்மீண்டு வந்த காண்டால்ஃப் கோண்டோரின் தலைநகரான மினாஸ் டிரித்தின் அடுக்கடுக்கான தெருக்களில் ஏறிப் போகும்போது. மலை முகடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக எச்சரிக்கை நெருப்புகள் எரியும் காட்சியிலும் அதுதான் வருகிறது.

ஷோர் நினைத்திருந்தால் முதல் படத்திலேயே அதை முழங்கவிட்டிருக்கலாம். கைதட்டலும் கிடைத்திருக்கும். ஆனால் போரோமிரின் வாயில் கோண்டோர் என்பது ஓர் ஏக்கம். அரசன் இல்லாத, எதிரி வாசலில் நிற்கிற ஊர் அது. அவன் அங்கே திரும்பிப் போகவே இல்லை. அதனால்தான் பித்தளைக் கருவிகள் எல்லாம் சேர்ந்து அந்த நகரத்தைத் திறந்து காட்டும்போது, பெருமிதத்தோடு கூடவே தொண்டையில் ஏதோ அடைக்கிறது. அதைப் பார்க்க ஆசைப்பட்டவன் செத்துவிட்டான் என்பது நமக்கு நினைவு வந்துவிடுகிறது. இசை முழங்கும் அந்தக் கணத்தில் படத்தில் யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையை ஹார்ன் இல்லாமல் ஆக்கிவிட்டது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. சிராங்கூன் சாலைக் கோயில் திருமணத்தில் நாம் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தாலும், கெட்டிமேளம் கேட்டதும் தாலி ஏறுகிறது என்று தெரிந்துவிடும். அது அறிவிப்பு. எந்தக் கல்யாணத்திலும் ஒரே பொருள்தான். நம் படங்களில் நாயகன் வரும்போது ஒலிக்கும் இசை பெரும்பாலும் இந்த வகை. அதைக் குறைவாகச் சொல்லவில்லை, திரையரங்கில் அது தரும் உற்சாகம் எனக்கும் பிடிக்கும். ஆனால் முதல் காட்சியில் அவன் யாரோ, கடைசிக் காட்சியிலும் அவனேதான் என்று அது சொல்கிறது. ஷோரின் மெட்டு கதையோடு சேர்ந்து வயதாகிறது. ஷையரில் துள்ளிக்கொண்டிருந்த இசை, எரிமலைச் சரிவில் சாம் "ஷையர் நினைவிருக்கிறதா?" என்று கேட்கும்போது நைந்துபோய் வருகிறது. ஃப்ரோடோவுக்கு எதுவும் நினைவில்லை. நமக்கு இருக்கிறது.

இன்னொரு வேறுபாடும் எனக்கு முக்கியமானது. நம் ஊரில் பாடல்கள் முதலில் தயாராகிவிடும். பின்னணி இசை கடைசியில் சேரும்போது, ஏற்கெனவே கேட்ட பாடலின் வரிகளையே புல்லாங்குழலிலும் வயலினிலும் மறுபடி தரும். பாடல் முன்னே, நினைவு பின்னே. மூன்றாம் படத்தின் இறுதியில் ஆனி லெனாக்ஸ் பாடும் பாடல் இதற்கு நேர்மாறான வழியில் வருகிறது. நகரத்தின் கதவு உடைந்துகொண்டிருக்கும்போது, சாவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று காண்டால்ஃப் பிப்பினுக்குச் சொல்கிறார் அல்லவா? வெண்மணல் கரை, அதற்கப்பால் பசுமையான நிலம். அங்கேயே அந்தப் பாடலின் மெட்டு வார்த்தையில்லாமல் வந்துவிடுகிறது. கப்பல் புறப்படும் துறைமுகத்தில் மறுபடி வருகிறது. பெயர்கள் ஓடத் தொடங்கி லெனாக்ஸ் பாடும்போது, அது நமக்கு முன்பே ஆறுதல் சொன்ன குரலாகிவிடுகிறது. ஆஸ்கர் விருது பெற்ற பாடல்தான். ஆனால் படத்தைப் பார்க்காமல் தனியாகக் கேட்டால் இதில் பாதிகூடக் கிடைக்காது.

இசைக்குறியீடு தெரிந்திருக்க வேண்டுமா என்கிறீர்கள். வேண்டாம். தாளம் போடத் தெரிந்தால் கூடுதல் இன்பம் உண்டு. எதிரிகளின் கோட்டையான ஐசென்கார்டின் உலைக்களக் காட்சிகளில் கையைத் தொடையில் தட்டி எண்ணிப் பாருங்கள், ஐந்து ஐந்தாக வரும். கர்நாடக இசையின் கண்ட சாபு தாளத்தில் நாம் நளினமாகக் கேட்டுப் பழகிய அதே எண்ணிக்கைதான். இங்கே இரும்பை இரும்பால் அடிக்கும் ஓசையில், எந்தப் படையும் சீராக அடியெடுத்து வைக்க முடியாத இயந்திர நடையாக அது மாறியிருக்கிறது. மோதிரம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் இடங்களையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கெல்லாம் வயலின்களில் ஒரே மெட்டு வரும்.

உங்கள் மகளுக்கு ஒரு யோசனை. சபைக் காட்சியில் போரோமிர் பேசும் பகுதியையும், காண்டால்ஃப் மினாஸ் டிரித்துக்குள் நுழையும் பகுதியையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். முதலாவதை ஹார்னில் தானே வாசித்துப் பார்க்கலாம். ஓசையைக் கூட்டிவிட வேண்டாம். பேசுகிறவனின் குரலுக்குக் கீழேயே நிற்கும்படி வாசிக்க வேண்டும், அதுதான் அதில் கடினமான பகுதி.

அன்புடன்.