வெளியார் பணம் வந்தால் சின்ன லீக்குகளில் போட்டி கூடுமா?

செல்டிக், ரேஞ்சர்ஸ் என்ற இரண்டு குழுக்களே மாறி மாறி வெல்லும் ஸ்காட்லாந்து போன்ற கால்பந்து லீக்குகளுக்கு வெளியார் முதலீடு நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்லதுதான், அது எந்தக் குழுவுக்குப் போகிறது என்பதைப் பொறுத்து. நான் சிங்கப்பூரில் பீஷானில் இருப்பவன், எங்கள் ஊர்க் கதையிலிருந்தே சொல்கிறேன்.

2016 முதல் 2023 வரை சிங்கப்பூர் லீக்கில் எட்டுப் பட்டங்கள். ஜப்பான் நீகாட்டா குழுவின் கிளையான அல்பிரெக்ஸ் ஆறு, புருணையின் டிபிஎம்எம் ஒன்று. உள்ளூர்க் குழு வென்றது ஒரே தடவை, 2021ல். அது லயன் சிட்டி செய்லர்ஸ். அதற்கு முந்திய ஆண்டுதான் ஹோம் யுனைடெட் குழுவைச் சிங்கப்பூர் இணைய நிறுவனமான சீ எடுத்து, அந்தப் புதுப் பெயரைச் சூட்டியது. சிங்கப்பூரில் தனியார் கைக்குப் போன முதல் குழு அதுதான்.

2025 மே 18 அன்று அப்பாவை பீஷான் அரங்குக்கு அழைத்துப் போனேன். சிங்கப்பூர் அணி மலேசியக் கிண்ணத்தில் ஆடிய காலத்தில் காலாங் அரங்கில் நட்சத்திர ஆட்டக்காரர் சுந்தரமூர்த்தி ஆடியதைத் தொண்டை கட்டக் கத்திப் பார்த்தவர், லீக் ஆட்டம் என்றால் வரவே மாட்டார். அன்று செய்லர்ஸுக்கு ஆசிய சாம்பியன்ஸ் லீக் 2 இறுதியாட்டம், ஆசியக் குழுக்களுக்கான இரண்டாம் நிலைப் போட்டி. ஐக்கிய அரபு சிற்றரசுகளின் ஷார்ஜா குழுவிடம் 2-1 என்று தோற்றோம். 90 நிமிடம் முடிந்து, வீணான நேரத்துக்காகச் சேர்த்த நிமிடங்களில் எங்கள் லெஸ்டியென் சமன் செய்தபோது அப்பா என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. முதலீடு இல்லாமல் அந்த ராத்திரி வந்திருக்காது. அதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் ஒரே குழுவில் பணம் குவிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரியா இருக்கிறது. 2005ல் பான நிறுவனமான ரெட் புல், அங்கே சால்ஸ்பர்க் குழுவை வாங்கியது. 2014 முதல் 2023 வரை தொடர்ந்து பத்துப் பட்டங்கள். குழுவின் ஊதா நிறத்தையே மாற்றிவிட்டார்கள் என்று மனம் உடைந்த பழைய ரசிகர்கள் தனியாக ஒரு குழுவே தொடங்கினார்கள். ஏற்கெனவே பெரியதை மேலும் பெரிதாக்கும் பணம் இப்படித்தான் முடியும்.

பெல்ஜியத்தில் நடந்தது வேறு. இங்கிலாந்தின் பிரைட்டன் குழு உரிமையாளர் டோனி புளூம் 2018ல் எடுத்தது இரண்டாம் பிரிவில் கிடந்த யூனியன் செயின்ட் கில்வாஸை. அங்கே பணத்தைவிட வேலை செய்தது ஆட்டக்காரர்களைத் தேடிய விதம். புள்ளிவிவரங்களை அலசி, பெரிய குழுக்கள் கண்டுகொள்ளாதவர்களைப் பிடித்தார்கள். டெனிஸ் உண்டாவ் அப்படி ஜெர்மனியின் மூன்றாம் பிரிவிலிருந்து வந்தவர். 2025ல் யூனியன் பட்டம் வென்றது, 1935க்குப் பிறகு முதல் தடவை!

அதே புளூம் 2025ல் ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ் குழுவில் 9.86 மில்லியன் பவுண்டு போட்டார். கிடைத்தது 29 விழுக்காடு, அதுவும் வாக்குரிமை இல்லாத பங்கு. பெரும்பான்மைப் பங்கு ரசிகர்களிடமே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. முதலாளிக்கு அலுத்துப் போனாலும் குழுவை விற்கவோ நிறத்தை மாற்றவோ அவரால் முடியாது. 1985ல் பயிற்றுவிப்பாளர் ஃபெர்குசனின் அபர்டீன் வென்றதற்குப் பிறகு 2025 வரை நாற்பது வருடங்களாக செல்டிக், ரேஞ்சர்ஸைத் தவிர யாரும் தொடாத பட்டம் ஸ்காட்லாந்து லீக் பட்டம். துரத்தப் பணம் வேண்டாமா?

இங்கேயும் அடுத்த முதலீடு கேலாங், ஹவ்காங் போன்ற சின்ன குழுக்களுக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. செய்லர்ஸ் மட்டார் ரோட்டில் இளையர்களுக்கு அமைத்ததுபோல ஒரு பயிற்சி இடம் அவர்களுக்கும் கிடைத்தால், நட்சத்திர ஆட்டக்காரர் யாரும் வராவிட்டாலும் பரவாயில்லை.