நிற்கும்போது மட்டும் எஞ்சினில் கரகர சத்தம். கராஜில் எஞ்சினைத் திறக்கவேண்டும் என்கிறார்கள். திறக்கலாமா?

இப்போதைக்குத் திறக்காதீர்கள். நான் திறந்து பணத்தைத் தொலைத்தவன்.

சிக்னலில் நிற்கும்போது கேட்கிறது, ஓடத் தொடங்கினால் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அனேகமாகப் பதினைந்து வருடம் ஓடிய ஜப்பான் காராக இருக்கும். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியபிறகு யானை விலை கொடுத்து வாங்கியிருப்பீர்கள். ஓடும்போது சத்தம் போய்விட்டது என்று நம்பவேண்டாம். ரயர் சத்தத்திலும் காற்றிலும் அமுங்கிப்போயிருக்கலாம்.

என்னுடையது 2007 டொயோட்டா விட்ஸ், ஆயிரம் சிசி, மூன்று சிலிண்டர். அந்த எஞ்சின் நல்ல நாளிலேயே நிற்கும்போது கொஞ்சம் நடுங்கும். அதனால் முதல் இரண்டு வாரம் நான் கணக்கெடுக்கவில்லை. ஒருநாள் கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதி நெரிசலில் நிற்கும்போது பக்கத்து ஓட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி என் பொனட்டைப் பார்த்தார். ஓட்டோக்காரரே திரும்பிப் பார்க்கிற சத்தம் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாளே கராஜுக்குப் போனேன். பெயர் வேண்டாம். பொனட்டைத் திறந்து, இரண்டு தரம் எஞ்சினை இரையவிட்டு, "டைமிங் செயின் போயிட்டுது" என்றார்கள். எஞ்சினுக்குள்ளே வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கிற சங்கிலி அது. நான்கு நாள், 68,000 ரூபாய். ஐந்தாம் நாள் காரை எடுத்துக்கொண்டு வந்தால் முதல் சந்தியிலேயே அதே சத்தம். திரும்பிப் போய்க் கேட்டதற்கு, "புதுச் செயின், செட்டாக நாளெடுக்கும்" என்றார்கள். செயின் என்ன செருப்பா, போட்டு நடந்து பழகுவதற்கு?

இதற்கிடையில் எங்கள் தொடர்மாடிக் கமிட்டி வாட்ஸ்அப்பில் அறிவித்தல் போட்டது. காலையில் ஒருவரின் கார் எல்லோருடைய தூக்கத்தையும் கெடுக்கிறதாம். பெயர் போடவில்லை, கார் நிறத்தை மட்டும் போட்டார்கள். மூன்று மாதமாக லிஃப்ட் வேலை செய்யவில்லை. என் அம்மா முழங்கால் வலியோடு நான்காம் மாடிக்குப் படியேறுகிறார். அதற்கு ஒரு அறிவித்தல் கிடையாது. பராமரிப்புக் காசு மட்டும் ஒன்றாம் தேதி தவறாமல் கேட்பார்கள். சரி, அதை விடுங்கள்.

கடைசியில் பஞ்சிகாவத்தையில் பாகம் விற்கிற நண்பர் ஒருவர் வயதான மெக்கானிக் பாஸ் ஒருவரிடம் அனுப்பினார். அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றை எடுத்து, பிடியைக் காதில் வைத்து, முனையை ஆல்டர்னேட்டரில் தொட்டார், அப்புறம் ஏசி கம்பிரசரில், அப்புறம் வோட்டர் பம்பில். அங்கே வந்ததும் முகத்தைச் சுளித்தார். என் காதிலும் வைத்துக் காட்டினார். கருங்கல்லை அரைப்பதுபோல இருந்தது.

"மகன், இது செயின் இல்ல. பெல்ட்டக் கழட்டிப் பாப்போம்."

எஞ்சின் ஆறியபிறகு, இந்த மூன்றையும் சுற்றவைக்கிற பெல்ட்டைக் கழற்றி ஸ்டார்ட் செய்தார். சத்தம் இல்லை. அரை நிமிடத்தில் நிறுத்திவிட்டார். பெல்ட் இல்லாவிட்டால் தண்ணீர் சுற்றாது, பற்றரி சார்ஜ் ஆகாது. பம்பின் கப்பியைக் கையால் ஆட்டினால் ஆடியது. அடியில் இருக்கிற சின்னத் துளையிலிருந்து தண்ணீர் வழிந்து காய்ந்த தடம். பேரிங் போயிருக்கிறது. காரணம் கேட்டேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்து காட்டினார், உள்ளே துருத் தண்ணீர். இரண்டு வருடமாகக் கூலன்டுக்குப் பதில் பைப் தண்ணீர் ஊற்றியவன் நான்தான். அதற்குமேல் கேள்வி கேட்கவில்லை. புதுப் பம்ப், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து செயினுக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை.

மெக்கானிக் தெரிந்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். எல்லாச் சத்தமும் வோட்டர் பம்ப் என்று நான் சொல்லவில்லை. சில எஞ்சின்களில் பம்ப் இந்த பெல்ட்டிலேயே இருக்காது. ஹைபிரிட் கதை வேறு, அதில் கைவைக்காதீர்கள். செயினும் போகத்தான் செய்யும். ஆனால் செயின் தளர்ந்தால் அனேகமாகக் காலையில் குளிர் எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் சில வினாடி கரகரத்து, ஒயில் ஏறியதும் குறையும். என்னுடையது சூடானபிறகும் அப்படியே கத்தியது. அந்த ஒரு வித்தியாசத்தை யாராவது கேட்டிருந்தால் 68,000 மிச்சம்.

நீங்கள் முதலில் ஒயில் அளவுக் கம்பியை இழுத்துப் பாருங்கள், காசில்லாத வேலை. ஒயில் குறைந்தால் மேலே வால்வுப் பக்கம் டிக் டிக் என்று தட்டும். தகரம் அதிர்வதுபோல் கேட்டால் சைலன்சர் பைப்பின் சூட்டை மறைக்கிற தகட்டைப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் அதன் போல்ட் துருப்பிடித்துக் கழன்றுவிடும். என் அத்தானின் கொரோலாவில் ஒரு ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கியதோடு சரி. கியரை டி-யில் போட்டு பிரேக்கில் நிற்கும்போது மட்டும் ஸ்டியரிங்கோடு சேர்ந்து நடுங்கினால், எஞ்சினைத் தாங்குகிற மவுன்ட் போயிருக்கலாம். ஆனால் அடியிலிருந்து டொக் டொக் என்று கனமாக இடித்தாலோ ஒயில் லைட் எரிந்தாலோ அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு இழுத்துக்கொண்டு போங்கள்.

ஸ்குரூ டிரைவர் வேலையை நீங்களே செய்வதென்றால் சட்டைக் கையை மடித்துக்கொள்ளுங்கள், பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் கிட்டப் போகாதீர்கள். ஏசி போட்டால் சத்தம் கூடுகிறதா, குறைகிறதா என்றும் பார்த்து எழுதுங்கள். நீங்கள் அதைச் சொல்லவே இல்லை.