ஸ்மார்ட்வாட்ச் ஏன் டிராயருக்குள் போகிறது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வாட்ச்களுக்கு உள்ளே ஓடும் மென்பொருளை (ஃபர்ம்வேர்) எழுதுவதுதான் என் பிழைப்பு. இன்னும் நிறையப் பேர் விரும்பிக் கட்ட இந்தச் சாதனம் எப்படி மாற வேண்டும் என்று கேட்டவர்களுக்குத்தான் இந்தப் பதில்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

பிரபு: அண்ணா, 1,500 ரூபாய்க்கு ஒன்று வாங்கி ஒரு மாதம் நடையை எண்ணினேன். இப்போது டிராயரில் கிடக்கிறது. நான் மட்டும்தான் இப்படியா?

இல்லை, பெரிய கூட்டமே இருக்கிறது. இந்தியாவில் 2024-ல் ஸ்மார்ட்வாட்ச் விற்பனை முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. மலிவு வாட்ச் வாங்கியவர்களில் பலர் அடுத்ததை வாங்க வரவில்லை, அவ்வளவுதான் விஷயம். பெட்டியில் நூறு ஸ்போர்ட்ஸ் மோட், இருநூறு வாட்ச் ஃபேஸ் என்று போட்டிருப்பார்கள், ஆனால் நாம் பார்ப்பது நேரம், யார் கூப்பிடுகிறார்கள், அலாரம் இந்த மூன்றும்தான். ஒரு வாரம் கட்டாமல் இருந்தால் ஏதாவது குறையுமா என்று உங்களையே கேளுங்கள். குறையாது என்றால் அது டிராயருக்குத்தான் போகும். இன்னொரு நூறு மோட் சேர்த்தாலும் இது மாறாது.

ஹரிணி: தினமும் சார்ஜ் போடுவதுதான் எனக்கு எரிச்சல். இதற்கு விடிவே இல்லையா?

என்னைக் கேட்டால் இதுதான் முதல் பிரச்சினை, மற்றதெல்லாம் இதற்குப் பிறகு. 1989-ல் வந்த கேசியோ எஃப்-91டபிள்யூ ஒரே பேட்டரியில் ஏழு வருஷம் ஓடும். 2015-ல் முதல் ஆப்பிள் வாட்ச் வந்தபோது 18 மணி நேரம் என்றார்கள். பத்து வருஷம் கழித்து, 2025-ல் வந்த சீரிஸ் 11-க்கு 24 மணி நேரம் என்கிறார்கள். பத்து வருஷத்துக்கு ஆறு மணி நேரம்! தானே ஒளிரும் ஓஎல்இடி திரை, விட்டுவிட்டு எரியும் சென்சார் விளக்கு, போனோடு ஓயாமல் பேசும் ரேடியோ எல்லாம் ஒரு பொட்டுப் பேட்டரியில் ஓட வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. 2024-ல் வந்த ஒன்பிளஸ் வாட்ச் 2-ல் இரண்டு சிப். மேப் மாதிரி கனமான வேலை வந்தால் மட்டும் பெரியது விழிக்கும், நோட்டிஃபிகேஷன், அடி எண்ணுவது போன்ற சில்லறை வேலைகளைச் சின்னது பார்த்துக்கொள்ளும். அதனால் 100 மணி நேரம் வரை என்று சொன்னார்கள். கார்மின் கம்பெனி வேறு வழியில் போனது: தானாக ஒளி வீசாமல், மேலே விழும் வெளிச்சத்தை வைத்தே தெரியும் திரை, அதோடு சோலார். அவர்களுடைய இன்ஸ்டிங்க்ட் 2 சோலார் வாட்சில் தினமும் 3 மணி நேரம் 50,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெயில் பட்டால் சாதாரண உபயோகத்தில் சார்ஜே வேண்டாம் என்பது அவர்கள் கணக்கு. நம் ஊர் உச்சி வெயிலில் அது தாராளமாகக் கிடைக்கும், ஆனால் ஆபீஸ் டியூப்லைட்டுக்கு அடியில் சில நூறு லக்ஸ்தான் இருக்கும், அங்கே உட்கார்ந்துகொண்டு சோலார் வேலை செய்யவில்லை என்று சொல்லக்கூடாது.

திரையின் பளபளப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க கம்பெனிகள் தயாரா என்பதுதான் கேள்வி. 2012-ல் பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டிய பெபிள் வாட்ச், மின்தாள் மாதிரித் திரையோடு ஒரு வாரம் ஓடியது. 2016-ல் அதை ஃபிட்பிட்டிடம் விற்றுவிட்டார்கள். ஃபிட்பிட்டைப் பிறகு வாங்கிய கூகுள், பெபிளின் மென்பொருளை 2025-ல் எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டதும், பெபிளைத் தொடங்கியவரே திரும்ப வந்து 30 நாள் ஓடும் வாட்ச் செய்யக் கிளம்பினார். ஆசைப்படுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

ஷர்மிளா: அம்மாவுக்கு சுகர். ஊசி குத்தாமல் சுகர் பார்க்கும் வாட்ச் என்று விற்கிறார்களே, வாங்கலாமா?

வேண்டாம். குத்தாமல் சுகர் அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரிக்கையே விட்டது. தோலுக்கு வெளியிலிருந்து ஒளி பாய்ச்சினால் தண்ணீர், கொழுப்பு, ரத்தம் எல்லாம் சேர்ந்து கொடுக்கும் சிக்னலில் குளுக்கோஸின் பங்கு ரொம்பச் சொற்பம். தோலில் ஒட்டி, சுகரைத் தொடர்ந்து அளக்கும் சிஜிஎம் சென்சார் வேறு விஷயம், அது மெல்லிய இழையைத் தோலுக்கு அடியில் விட்டு அளக்கிறது, வாட்ச் அந்த எண்ணைக் காட்டுவதோடு சரி. இப்படிப்பட்ட வாட்சைப் பார்த்து இன்சுலின் அளவை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

சேகர்: பிபி?

சாம்சங் காட்டும், ஆனால் 28 நாளுக்கு ஒருமுறை கையில் பட்டை கட்டி அளக்கும் நிஜ பிபி மெஷினோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். ஹுவாவே வாட்ச் டி ஸ்ட்ராப்புக்குள்ளேயே ஒரு காற்றுப்பை வைத்து இறுக்கி அளக்கிறது. எனக்குப் பிடித்தது ஆப்பிள் 2025-ல் செய்தது: எண்ணே காட்டாது. 30 நாள் தகவலைப் பார்த்துவிட்டு, உயர் ரத்த அழுத்தம் இருக்கலாம் போல, மெஷினில் பாருங்கள் என்று மட்டும் சொல்லும். தெரிந்ததை மட்டும் சொல்கிற வாட்சைத்தான் மக்கள் நம்புவார்கள்.

தினேஷ்: என் வாட்சில் ஆக்சிஜன் எப்போதும் 98 தான். மாடி ஏறினாலும் 98, தூங்கினாலும் 98.

மாடி ஏறினாலும் ஆரோக்கியமான ஆளுக்கு அது பெரிதாக இறங்காது, அதனால் 98-ஐ மட்டும் வைத்து வாட்சைத் திட்ட முடியாது. ஒரு துண்டைச் சுருட்டி அதில் வாட்சைக் கட்டிப் பாருங்கள். துண்டுக்கும் 97, நாடி 72 என்று காட்டினால் புரிந்துகொள்ளுங்கள். நல்ல வாட்சும் சில சமயம் ஏமாறும், ஏனென்றால் அடியில் எரியும் பச்சை விளக்கின் ஒளி பட்டுத் திரும்பி வருவதில் ஏதாவது ஏற்ற இறக்கம் தெரிந்தால் அதை நாடி என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒழுங்காக எழுதிய மென்பொருள், சிக்னல் மோசமென்றால் கோடு போட்டுவிட்டு எண் காட்டாமல் இருக்கும். எண் வராவிட்டால் வாடிக்கையாளர் திட்டுவார் என்று பயந்து எதையாவது காட்டுபவர்களும் உண்டு.

கவிதா: வாட்ஸ்அப்பில் தமிழில் வந்தால் கட்டம் கட்டமாக, இல்லையென்றால் உடைந்த எழுத்தாக வருகிறதே சார்?

கட்டம் வந்தால் ஃபாண்டே இல்லை. உடைந்து வந்தால் ஃபாண்ட் இருக்கிறது, எழுத்தைக் கோக்கும் மென்பொருள் இல்லை. 'போ' என்பதில் கொம்பு ப-வுக்கு முன்னாலும் கால் பின்னாலும் போய் உட்கார வேண்டும், மலிவு வாட்சில் ஆங்கிலம்போல எழுத்துகளை வரிசையாக வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. போனிலிருக்கும் ஆப்பே வரியை வரைந்து படமாக அனுப்பலாம், வாட்ச் அதைக் காட்டினால் போதும். யாரும் கேட்டு நச்சரிப்பதில்லை என்பதால் செய்வதில்லை. நச்சரியுங்கள். ஆங்கிலம் படிக்காத ஒருவருக்கு இந்த வாட்சில் வேறென்ன இருக்கிறது?

முருகேசன்: அப்பாவுக்கு 74 வயது, தனியாக இருக்கிறார். விழுந்தால் தகவல் சொல்லும் வாட்ச் உதவுமா?

உதவும், இந்த வசதிதான் வாட்சை அவசியமான பொருளாக்கும் என்று நினைக்கிறேன். ஆப்பிள் 2018-லேயே கொண்டுவந்தது, பிறகு மற்றவர்களும். ஆனால் இரண்டு விஷயம். போன் இன்னொரு அறையில் இருந்தாலும், வெளியே போகும்போது மறந்தாலும் கூப்பிட வேண்டும், அதற்கு இசிம் (வாட்சுக்குள்ளேயே இருக்கும் சிம்) உள்ளதாகப் பாருங்கள். அப்புறம், பெரியவர்கள் குளிக்கப் போகும்போதுதான் கழற்றிச் சார்ஜில் போடுவார்கள், வழுக்கி விழுவதும் அங்கேதான். அப்பாவைச் சாப்பிட உட்காரும்போது சார்ஜ் போடப் பழக்குங்கள்.

ரஃபீக்: ஐபோன் இருந்தால் ஆப்பிள் வாட்ச்தானா?

இதுவரை பெரும்பாலும் அப்படித்தான், மற்ற வாட்சில் செய்தி வரும், பதில் அனுப்ப முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 மார்ச்சில் ஆப்பிளைக் கதவைத் திறக்கச் சொல்லி உத்தரவு போட்டது. அது ஐரோப்பாவுக்குத்தான், இங்கே எப்போது வரும் என்று கேட்காதீர்கள்.

நிவேதா: என் மணிக்கட்டுக்கு எல்லாமே தட்டு மாதிரி இருக்கிறது!

நியாயமான கோபம். பேட்டரிக்கு இடம் வேண்டும் என்று சாக்கு சொல்வார்கள். கார்மின் லில்லி 34.5 மில்லிமீட்டர், முள்ளோடு வரும் விதிங்ஸ் ஸ்கேன்வாட்ச் 38-லும் கிடைக்கிறது. இந்த இரண்டையும் கட்டிப் பாருங்கள்.

வசந்த்: கடைசியாக, வாங்கும்போது எதைப் பார்ப்பது?

சார்ஜர் தனியாகக் கிடைக்கிறதா என்று. சிரிக்காதீர்கள், மலிவு வாட்சில் அந்தக் காந்த வயர் தொலைந்தாலோ அறுந்தாலோ வேறு மாடலின் வயர் ஒட்டாது, வாட்சே குப்பை. ஸ்ட்ராப் சாதாரணக் கடையில் கிடைக்கும் அகலமா, பேட்டரி மாற்றித் தருவார்களா என்பதையும் கேளுங்கள். பிக்சல் வாட்ச் 4-ல் ஸ்க்ரூவைக் கழற்றிப் பேட்டரியையும் திரையையும் மாற்றும்படி செய்திருக்கிறார்கள், பசை போட்டு மூடும் மற்றவர்களும் இதைக் காப்பியடிக்கட்டும். ஏற்கெனவே வாட்ச் இருந்தால், பின்பக்கச் சார்ஜிங் பின்னை வாரம் ஒருமுறை ஈரம் பிழிந்த துணியால் துடைத்துக் காயவிட்டுச் சார்ஜ் போடுங்கள். வியர்வை உப்புப் படிந்து பச்சை பூத்துவிட்டால் அப்புறம் அது சார்ஜ் ஏறாது.