வட்ட ரயிலுக்குப் படம் போடுவது எப்படி?

மியான்மரின் யாங்கோன் நகரைச் சுற்றிவரும் வட்ட ரயிலுக்குத் தமிழிலும் ஒரு வழித்தடப் படம் வரையலாம் என்று நம் பிள்ளைகள் கிளம்பியிருக்கிறார்கள். அச்சகத்தில் வரைபட வேலை பார்ப்பவன் என்பதால் என்னிடம் கேட்டார்கள்.

தாம்வே மாணவி: அண்ணா, இந்த மாதிரிப் படங்களில் தூரமெல்லாம் தப்பாகத்தானே இருக்கும்?

இருக்கும்மா. இருக்கத்தான் வேண்டும். ரயிலில் உட்கார்ந்தவருக்கு அடுத்த நிலையம் எது, எங்கே இறங்கி மாறுவது என்று தெரிந்தால் போதும். 1931-இல் லண்டன் சுரங்க ரயிலுக்கு ஹாரி பெக் வரைந்தது அப்படித்தான். மின்சுற்றுப் படம் வரைகிறவர் அவர். நேர்கோடு, 45 டிகிரிச் சாய்வு, இவ்வளவுதான். நெருக்கமான நகர நடுவை விரித்தார், புறநகரைச் சுருக்கினார். நிர்வாகம் முதலில் வேண்டாம் என்றது. 1933-இல் சட்டைப்பை அளவில் அச்சடித்துக் கொடுத்தபோது மக்கள் விரும்பி வாங்கிக்கொண்டார்கள்.

இன்செயின் தம்பி: நம்ம ரயில் ஒரே வட்டம். பேசாமல் வட்டம் போட்டுப் புள்ளி வைத்தால் முடிந்ததே?

அவசரப்படாதே தம்பி. ஏறத்தாழ 46 கிலோமீட்டர், 39 நிலையம், ஒரு சுற்றுக்கு மணிக்கணக்கில் ஆகும். இதில் ஆளைக் கவிழ்ப்பது திசை. தெற்கே யாங்கோன் சென்ட்ரல் நிலையத்தில் இன்செயினுக்கு ஏற வேண்டியவர் பசுண்டாங் பக்கம் போகிற வண்டியில் ஏறிவிட்டால் ஊரையே சுற்றித்தான் வந்து சேருவார். அதனால் படத்தில் முதலில் கண்ணில் பட வேண்டியது அம்புக்குறி. கோயிலை வலம் வருவதுபோல் சென்ட்ரலிலிருந்து கெமண்டைன், இன்செயின் என்று போவது ஒரு திசை. பசுண்டாங், தாம்வே வழி எதிர்த்திசை. இரண்டையும் பெரிதாகப் போடு.

அடுத்தது பெயர்கள். பயா லான், லன்மடோ என்று கெமண்டைன் வரைக்கும் நிலையங்கள் ஒட்டி ஒட்டி வரும். உள்ள அளவுக்கே வரைந்தால் எழுத்தின் மேல் எழுத்து ஏறும். வடக்கே மிங்கலடோன் பக்கம் இடம் சும்மா கிடக்கும். அங்கே சுருக்கி இங்கே விரி.

முழு வட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. பாதை உண்மையில் தெற்கு வடக்காக நீண்டது. மூலை மழுங்கிய நெடுஞ்சதுரமாக வரை. பெயர்களை வெளிப்பக்கம் படுக்கையாக எழுது. நடுவில் ஷ்வேடகன் பகோடாவையும் இன்யா ஏரியையும் வை.

லன்மடோ கடைக்கார ஐயா: ஏரியும் பகோடாவும் எதற்கு? ரயில் அங்கே நிற்கவில்லையே.

நிற்காவிட்டாலும் நாம் திசை பிடிப்பது அவற்றை வைத்துத்தான், ஐயா. லண்டன் படத்தில் 2009-இல் தேம்ஸ் நதியை எடுத்துப் பார்த்தார்கள். ஒரே எதிர்ப்பு, அதே வருடம் திரும்ப வைத்தார்கள். நியூயார்க் சுரங்க ரயிலுக்கு 1972-இல் வந்த, வடிவமைப்பாளர் மாசிமோ விக்னெல்லியின் படம் பார்க்க அத்தனை அழகு. ஆனால் நீளமான சென்ட்ரல் பார்க் பூங்கா சதுரமாகிவிட்டது, அதுவும் சாம்பல் நிறத்தில். தெருத்தெருவாக நடந்து பழகியவர்களுக்கு அது ஒட்டவில்லை. 1979-இல் மாற்றினார்கள். நம் டவுன்டவுனும் கட்டம் கட்டமான தெருக்கள்தானே. அங்கே தெற்கு வடக்கைப் புரட்டினால் நீங்களே ஏற்க மாட்டீர்கள்.

தாம்வே மாணவி: நிறம் எத்தனை?

ஒன்று போதும். திசையைக் காட்டச் சிவப்பும் பச்சையும் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிற கண்கள் நிறைய உண்டு. நிலையத்துக்கு எண் போடு. டோக்கியோ மெட்ரோ 2004-இல் செய்தது அது. பர்மிய எழுத்தை எடுத்துவிடாதே, நிலையப் பலகையில் இருப்பது அதுதான்.

வரைந்ததும் இந்த ரயிலில் ஏறியே பழகாத ஒருவரிடம் நீட்டி, "டன்யின்கோன் காய்கறிச் சந்தைக்கு எந்தப் பக்கத்து வண்டி?" என்று கேள். நீ வாயைத் திறக்காமல் அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று பார்த்து, அந்த இடத்தைத் திருத்திக் கொண்டு வா.