லெவல் ஏறினா அடி எவ்ளோ ஏறணும்?

கேள்வி: ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரு விளையாட நானே ஒரு டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேமுக்கு ரூல்ஸ் எழுதிட்டிருக்கேன். லெவல் 1-ல 10 ஹெச்பி (ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்), ஒரு அடிக்கு 5 டேமேஜ். லெவலுக்கு லெவல் 10 ஹெச்பி, 2 டேமேஜ், ஹிட்டுக்கு, அதாவது அடி படுமான்னு உருட்டற பகடைக்கு, 1 கூடும். ஆர்மர், அதாவது அடி பட பகடை எட்ட வேண்டிய எண், மாறாது. லெவல் 5 வந்ததும் பழைய கோப்ளின்லாம் (குட்டி அரக்கனுங்க) கொசு மாதிரி சாகுது, ஆனா சமமான எதிரி வந்தா சண்டை முடியவே மாட்டேங்குது. எங்க தப்பு?

பதில்: நீங்க கூட்டல்னு நினைச்சு வச்சதெல்லாம் டேபிள்ல பெருக்கலாகுது, அங்கதான் கோளாறே.

உங்க லெவல் 5 ஆளை எடுத்துக்குவோம். 50 ஹெச்பி, அதாவது 5 மடங்கு. டேமேஜ் 13, ஆனா கோப்ளினுக்கு இருக்கறதே 10 ஹெச்பி, மிச்சம் 3 வீண், அதனால ரெண்டு அடி ஒரே அடியாச்சு, 2 மடங்குன்னு வைங்க. டி20-ல, அதாவது 20 முக பகடையில, முன்னாடி 11 விழணும், இப்போ 7 போதும், 50 சதவீதம் 70 ஆச்சு, 1.4 மடங்கு. பெருக்கினா 14! லெவல் 1-ல ஒரு கோப்ளினுக்கு ஈடா இருந்தவன், இப்போ ஒண்ணொண்ணா வரிசையில வந்தா 14 கோப்ளினை சாய்ப்பான். ஆனா சேர்ந்து வந்தா கதை வேற, முதல் ஆளை சாய்க்கற வரைக்கும் நாலு பேரும் அடிப்பாங்க, அப்புறம் மூணு, ரெண்டு, ஒண்ணு, ஆக மொத்தம் 10 பங்கு அடி, 14 வரைக்கும் தாங்கறவன்ங்கறதால தாங்கிடுவான். அஞ்சு பேர்னா 15, அவ்ளோதான் படுத்துடுவான். எத்தனை பேர் வர்றாங்கங்கறதை பாக்காம வெறும் லெவலை வச்சு சண்டை அமைச்சா இப்படித்தான் ஒரு நாள் சப்புனு இருக்கும், ஒரு நாள் எல்லாரும் காலி.

இப்போ ரெண்டாவது தொல்லை. லெவல் 1-ல சமமானவனை சாய்க்க 2 அடி, லெவல் 5-ல 50-க்கு 13, அதாவது 4 அடி, லெவல் 10-ல 100-க்கு 23, 5 அடி. ஹெச்பி ஓடுது, டேமேஜ் நொண்டுது, சண்டை இழுக்காம என்ன பண்ணும்?

நான் எழுதினா இப்படி வைப்பேன்: 12 ஹெச்பில ஆரம்பிச்சு லெவலுக்கு 3, அடிக்கு 6 டேமேஜ் எப்பவுமே மாறாது, ஆனா லெவல் 5-ல ஒரு டர்னுக்கு ரெண்டு அடி, லெவல் 9-ல மூணு. 12-க்கு 6, 24-க்கு 12, 36-க்கு 18, சண்டையோட நீளம் அந்த மூணு லெவல்லயும் ஒண்ணுதான். நடுவுல கொஞ்சம் இழுக்கும், பரவால்ல, அடுத்த லெவலுக்கு ஏங்குவாங்க. சின்னச் சின்ன அடியா பிரிச்சதால வீணாப்போறதும் கம்மி, ரெண்டாவது அடியை பக்கத்து கோப்ளின் மேல திருப்பலாம், அதுல ஒரு குஷி இருக்கு.

ஹிட் போனஸ் உங்க இஷ்டம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அஞ்சாவது எடிஷன்ல, 2014-ல வந்தது, ப்ரொஃபிஷியன்சி (பகடையில கூட்டற தேர்ச்சி போனஸ்) 20 லெவல்ல +2-லேர்ந்து +6 வரைக்கும்தான் போகும், அதனால கூட்டமா வந்த கோப்ளின் கடைசி வரைக்கும் கொஞ்சமாவது கடிக்கும். 2019-ல வந்த பாத்ஃபைண்டர் ரெண்டாவது எடிஷன்ல முழு லெவலையும் கூட்டுவாங்க, ரெண்டு லெவல் மேல இருக்கற மான்ஸ்டரை ரெண்டு ஆளா எண்ணுவாங்க, சமமானவன் 40 எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளின்னா, அவன் 80. ஹீரோ மாதிரி உணரணும்னா இது, ஊரே திரண்டு வந்தா பயப்படணும்னா அது. உங்க கோப்ளின் புலம்பலை பாத்தா டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வழிதான் உங்களுக்கு சரி, 4 லெவலுக்கு ஒரு +1 போதும்.

விஸார்டு, அதாவது மந்திரவாதி, இருக்காரா உங்க ரூல்ஸ்ல? அவரை தனியா கணக்கு போடுங்க. அஞ்சாவது எடிஷன்ல லெவல் 5-ல ஃபயர்பால் மந்திரம் வருது, 8டி6 (எட்டு ஆறுமுக பகடை) டேமேஜ், சராசரி 28, எதிரி சேவ் பண்ணாலும், அதாவது பகடை உருட்டி தப்பிச்சாலும், பாதி 14, அந்த கேம்ல கோப்ளினுக்கு இருக்கறது 7 ஹெச்பி. அதே லெவல்ல ஃபைட்டருக்கு கிடைக்கறது ரெண்டாவது அடி, அவ்ளோதான். ஒரு கும்பலையே ஒரே டர்ன்ல துடைச்சு எடுக்கற மந்திரம் ஒரு நாளைக்கு எத்தனை வாட்டின்னு முதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறம் மான்ஸ்டர் ஹெச்பியை தொடுங்க.