வேலை போன வருடத்தில் ஸ்தோத்திரம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கிறோம். இரவு 9.30 மணிக்கு வீட்டில் குடும்ப ஜெபம். கணவருக்குத் துவாஸில் ஷிப்ட் வேலை. இரவுப் பணி வரும் வாரங்களில் மாமியாரும் நானும் 15 வயது மகனும்தான். மார்ச் மாதம் எனக்கு வேலை போய்விட்டது. 11 வருடம் பார்த்த வேலை. மாமியார் கையேட்டைப் பார்த்து நூறு ஸ்தோத்திரம் சொல்வார். நானும் கூடவே சொல்கிறேன், உதடு மட்டும்தான் அசைகிறது. 'எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்' என்ற வசனத்தை இப்போது வாசிக்கவே முடியவில்லை. மனதில் இல்லாததைச் சொல்வது பொய்தானே? ஸ்தோத்திரத்தை விட்டுவிட்டு நேரே விண்ணப்பங்களுக்குப் போய்விடலாமா? மகனோ சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனை எப்படி ஜெபிக்கவைப்பது?

ர., செங்காங்

அன்புள்ள சகோதரி,

11 வருடம் பார்த்த வேலை போவது என்றால் சம்பளம் மட்டுமா போகிறது? காலையில் கிளம்பிப் போக ஓர் இடமும், மதியம் சேர்ந்து சாப்பிட நாலு பேரும் அதோடு போய்விடுகிறார்கள். அந்த இழப்புக்காக நன்றி சொல்லுங்கள் என்று உங்களிடம் யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆபகூக் தீர்க்கதரிசி அத்திமரம் துளிர்க்கவில்லை, வயல் விளையவில்லை, தொழுவத்தில் மாடு இல்லை என்று இல்லாததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுத்தான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறார். வயல் பொய்த்ததற்கு அவர் நன்றி சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். வேலை போனதை ஆண்டவரிடம் வேலை போனது என்றே சொல்லுங்கள், அழுகை வந்தால் மாமியார் முன்னிலையிலேயே அழுங்கள்.

ஆனால் ஸ்தோத்திரத்தை விட்டுவிடாதீர்கள். இதை வற்புறுத்தியே சொல்கிறேன்.

இன்று இரவு நான்காம் சங்கீதத்தை எடுத்து வாசியுங்கள். எட்டே வசனம். மேற்கத்திய சபையில் பல நூற்றாண்டுகளாகப் படுக்கப் போகுமுன் பாடிவந்த சங்கீதம் அது. 'எங்களுக்கு நன்மை காண்பிப்பவன் யார்' என்று கேட்கிறவர்கள் அநேகர் என்று அதில் ஒரு வரி வருகிறது. நீங்கள் எனக்கு எழுதியிருப்பதும் அந்தக் கேள்விதான். வேதத்துக்குள்ளேயே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. அதற்கு அடுத்த வசனத்தில், தானியமும் திராட்சரசமும் பெருகிய காலத்துச் சந்தோஷத்தைக் காட்டிலும் அதிக சந்தோஷத்தை என் இருதயத்தில் தந்தீர் என்கிறார் பாடுகிறவர். களஞ்சியம் நிறைந்திருக்கிறது மற்றவர்களுக்கு. அவரோ நெருக்கத்தில் இருந்து கூப்பிடுகிறவர். கடைசியில் சமாதானத்தோடே படுத்துத் தூங்குகிறார். அவருடைய பிரச்சினை தீர்ந்துவிட்டதாகச் சங்கீதத்தில் எங்கும் இல்லை.

ஆகவே, சந்தோஷம் வந்த பிறகுதான் ஸ்தோத்திரம் சொல்லலாம் என்று காத்திருக்கத் தேவையில்லை. மனதில் சந்தோஷம் இல்லாதபோது சந்தோஷமாக இருக்கிறேன் என்றால் அது பொய். மகன் பத்திரமாக வீடு வந்து சேர்ந்ததற்கு ஸ்தோத்திரம் என்றால் அதில் பொய் ஏது? அவன் வந்து சேர்ந்தது உண்மை. உங்கள் மனநிலை எப்படி இருந்தாலும் அது உண்மை.

தோ பாயோவில் ஓர் அம்மா இருந்தார், எங்கள் சபையில் மூத்தவர். அவர் வீட்டு இரவு ஜெபத்தில் சில முறை உட்கார்ந்திருக்கிறேன். பெரிய வார்த்தைகளே வராது. "லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு எனக்காக நின்றதே அந்தச் சீனப் பிள்ளை, அதற்காக ஸ்தோத்திரம். தேக்கா சந்தையில் மீனைச் சுத்தம் செய்துகொடுத்த தம்பிக்காக ஸ்தோத்திரம். முழங்கால் வலி மத்தியானத்துக்குப் பிறகு குறைந்தது, ஸ்தோத்திரம்." இப்படி அன்றைய நாளைக் காலையிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவார். அதே மூச்சில், இறந்துபோன மகனின் பெயரைச் சொல்லி அழுவார். அழுது முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். துக்கம் ஸ்தோத்திரத்தைத் தடுக்கவில்லை, ஸ்தோத்திரம் துக்கத்தை விரட்டவும் இல்லை. அவரிடம் இருந்த மகிழ்ச்சியை நான் வேறு யாரிடமும் அவ்வளவாகக் கண்டதில்லை.

சாங்கியில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஜப்பானியர் காலத்தில், 1942ல், ஸ்டான்லி வாரன் என்ற பிரிட்டிஷ் போர்க்கைதி கடும் வயிற்றுக்கடுப்போடு ராபர்ட்ஸ் முகாம் மருத்துவமனையில் கிடந்தார். அங்கிருந்த சிறு ஜெபக்கூடத்தின் சுவர்களில் ஓவியம் வரைந்து தரும்படி கேட்டார்கள். நிற்கவே தெம்பில்லாத அந்த மனிதர், கிடைத்த சாயத்தைக் கொண்டு வரைந்தவற்றில் ஒன்று இயேசுவின் பிறப்பு. பசியும் சாவும் சூழ்ந்த இடத்தில், ஒரு குழந்தை பிறந்த செய்தி. அந்தச் சுவரோவியங்கள் பிற்காலத்தில் செப்பனிடப்பட்டன. அவற்றை நினைக்கும்போதெல்லாம் 'எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்' என்ற பவுலின் அந்த வசனத்தை என்னால் நம்ப முடிகிறது.

விண்ணப்பங்கள் பிறகு வரட்டும். ஆதிச் சபையில் மாலை ஜெபம் நன்றியில்தான் தொடங்கியது. நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் பேராயர் பசிலியார், மாலை வெளிச்சம் வந்ததும் மக்கள் சொல்லும் ஸ்தோத்திர வார்த்தைகளை யார் இயற்றினார் என்றே தெரியாத அளவுக்கு அவை பழமையானவை என்று எழுதியிருக்கிறார். விளக்கு எரிந்தது, நன்றி சொன்னார்கள். நம் ஊரில் வருடம் முழுவதும் ஏழு மணி வாக்கில் இருட்டிவிடுகிறது; புளோக்கில் தாழ்வாரத்து விளக்குகள் எரியத் தொடங்கும்போது, அடுப்படியில் நின்றபடியே ஒரு ஸ்தோத்திரம் சொல்லுங்கள். 9.30 மணிக்குக் களைத்துப்போன மனதை அதற்குள் கொஞ்சம் திருப்பி வைத்திருப்பீர்கள்.

மாமியாரின் கையேட்டைக் குறைவாக நினைக்காதீர்கள். சொந்த வார்த்தை வற்றிப்போன இரவுகளில் அந்த நூறும் உங்களைத் தாங்கும். அவர் முடித்ததும் அன்றைய நாளிலிருந்து மூன்றை மட்டும் உங்கள் வாயால் சொல்லுங்கள். கணவருக்கு இரவுப் பணி என்றால், அவர் வேலைக்குள் போகுமுன் போனில் இரண்டு நிமிடம் சேர்ந்து சொல்லலாம். காலையில் அவர் திரும்பி வரும் நேரம்தான் அவருக்கு மாலை. அப்போது காப்பியை வைத்துக்கொண்டு ஜெபித்தாலும் ஆண்டவர் கேட்பார்.

மகனைப் பேசவைக்க வேண்டாம். அவன் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறானே, அதற்கு ஸ்தோத்திரம் சொல்லுங்கள், அதையும் அவன் காதில் விழும்படி சொல்லுங்கள். ஒன்றை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்: ஆண்டவரிடம் பேசுகிற பாவனையில் அவனுக்குப் புத்திமதி சொல்வது. 'இந்தப் பிள்ளை போனை வைத்துவிட்டுப் படிக்கக் கிருபை செய்யும்' என்று ஜெபித்தால், அது தனக்குத்தான் என்று அவனுக்குத் தெரியும். போன் விஷயத்தை ஜெபம் முடிந்த பிறகு அவனிடமே நேராகப் பேசிக்கொள்ளுங்கள்.