சாயத்தண்ணி பாய்ந்த பூமியை வாங்கலாமா?

கேள்வி: ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யல் ஓரம் இரண்டு ஏக்கரா தோட்டம் விலைக்கு வருகிறது. முன்பு சாயத்தண்ணி, அதாவது சாயப்பட்டறைக் கழிவுநீர், பாய்ந்த பூமி என்கிறார்கள். துப்பாக்கி மாதிரி கருவியை வைத்துச் சில நிமிடத்தில் மண்ணைச் சோதித்துத் தருவதாக ஒரு லேபில் சொல்கிறார்கள். அதை நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: அதை மட்டும் நம்பிக் கொடுக்காதீர்கள். அது எக்ஸ்ஆர்எஃப் கருவி. மண்ணில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, திரும்பி வரும் கதிரை வைத்து அதில் என்ன தனிமம் என்று சொல்லும். ஈயம், குரோமியம், செம்பு போன்ற உலோகங்களை விரைவாகக் காட்டும், நல்ல கருவிதான். ஆனால் சோடியம் அதற்குத் தெரியாது. சோடியம் லேசான தனிமம், அதிலிருந்து வரும் கதிர் கருவியை எட்டுவதற்குள் காற்றிலேயே அடங்கிவிடும். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பையும் சோடியம் சல்பேட்டையும் கொட்டுவார்கள். நொய்யல் ஓரத்துத் தோட்டங்களைப் பாழாக்கியதில் பெரும்பங்கு அந்த உப்புக்குத்தான். ஆக, கருவி ‘சுத்தம்’ என்று காட்டும் மண்ணில் மஞ்சள் பயிர் கருகலாம்.

உப்புக்கு வேகமான சோதனை இ.சி. மீட்டர், அதாவது மின்கடத்துதிறனை அளக்கும் கருவி. காய்ந்த, சலித்த மண் 20 கிராமுக்கு 40 மில்லி வாலைவடிநீர் ஊற்றி (போர் தண்ணீர் கூடாது, அதிலேயே உப்பு இருக்கும்) நன்றாகக் கலக்கி, அரை மணி கழித்து மீட்டரை முக்கிப் பாருங்கள். மில்லிசீமன்ஸ்/செ.மீ. அளவில் 1-க்குள் இருந்தால் உப்பளவில் கவலை இல்லை. 3-ஐத் தாண்டினால் விலையைப் பேசவே வேண்டாம். இடைப்பட்டு வந்தால் முளைப்பு அடிவாங்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் சோடிய விகிதத்தையும் பாருங்கள். சோடியம் ஏறிய மண் நனைந்தால் குழைந்து, காய்ந்தால் பொருக்குத் தட்டும். தண்ணீர் கீழே இறங்காது. ஜிப்சம் போட்டுத் திருத்தலாம், ஆனால் உப்பைக் கழுவி இறக்க நல்ல தண்ணீரும் வடிகாலும் வேண்டும்.

பக்கத்தில் தோல் பதனிடும் ஆலை இருந்திருந்தால் குரோமியத்தையும் விடாதீர்கள். கருவி மொத்தக் குரோமியத்தைத்தான் சொல்லும். விஷம் அதிகமான ஆறு இணைதிற வகை எவ்வளவு என்பதற்குத் தனிச் சோதனை உண்டு. விற்பவர் மண்வள அட்டையை நீட்டினால், அதில் சத்துகளும் பி.எச்., இ.சி.யும் இருக்குமே தவிர ஈயமும் குரோமியமும் இருக்காது.

அப்புறம், மண்ணை நீங்களே எடுங்கள். வாய்க்கால் ஓரம், பள்ளம், மேடு மூன்றையும் ஒன்றாகக் கலக்காமல், மேல்மண் தனி, ஓரடிக்குக் கீழே தனி என்று கட்டுங்கள். பழைய உரச்சாக்கு ஆகாது. கிணற்றுத் தண்ணீரையும் ஒரு பாட்டில் கொண்டுபோங்கள். மண் தேறி, கிணறு உப்பாக இருந்தால் போகப்போக அந்த மண்ணும் கெட்டுவிடும்.